மூட்டில் அமையும் புதுமை: ஒன்றோடொன்று இணையும் வெளிப்புறக் கூடங்களும் இந்தியக் காப்புரிமைச் சட்டமும்

1. கேள்வியும் அதன் எல்லையும்

எறணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய நகராட்சிகளை ஒன்றிணைத்து 1967 நவம்பர் 1 அன்று உருவாக்கப்பட்ட கொச்சி மாநகராட்சியின் வணிக வாழ்க்கை, காயலின் இரு கரைகளிலும் பழைய சந்தைத் தெருக்களைச் சார்ந்தே இன்றும் நடைபெறுகிறது. ஒரு கரையில் மட்டாஞ்சேரியின் பஜார் சாலை அமைந்திருக்க, மறுகரையில் மெரைன் டிரைவுக்கும் எறணாகுளம் சந்தைக்கும் அருகே பிராட்வே அமைந்துள்ளது. துணி, பாத்திரம், நூல், விளையாட்டுப் பொருள், மழைக்காலக் குடை என எல்லாவற்றையும் விற்கும் நிலையான கடைகளுக்கு முன்னால், தார்ப்பாயையும் இரும்புக் குழாயையும் கொண்டு அமைக்கப்பட்ட தற்காலிகக் கூரைகளின் கீழ் தெரு வணிகர்களும் தொழில் செய்யும் இடம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஒரு நகரத்தில், இத்தகைய கூரை எவ்வாறு நிற்கிறது, பக்கத்துக் கூரையோடு எவ்வாறு சேர்கிறது, இரண்டுக்கும் நடுவே விழும் நீர் எங்கே செல்கிறது என்பவை வணிகரின் அன்றாட வருமானத்தைத் தீர்மானிக்கும் காரணிகளாகும்.

இந்தச் சூழலில், நான்கு கால்களும் ஒரு கூரையும் கொண்ட சிறு அலகுகளைத் தொழிற்கூடத்தில் செய்து, தெருவில் ஒன்றோடொன்று பொருத்தி, தேவைக்கேற்ப நீட்டவும் குறுக்கவும் கூடிய வெளிப்புறக் கூடங்களை உருவாக்கும் முயற்சிக்குச் சமூகப் பயனும் சந்தை மதிப்பும் உண்டு. அத்தகைய ஒரு கூடத்தை உருவாக்கியவருக்குக் காப்புரிமை, அதாவது அதைப் பிறர் செய்வதையும் விற்பதையும் 20 ஆண்டுகளுக்குத் தடுக்கும் தனியுரிமை, இந்தியச் சட்டத்தின் கீழ் கிடைக்குமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அலகு என்ற எண்ணமோ, அலகுகளைச் சேர்த்து வைத்தல் என்ற எண்ணமோ காப்புரிமைக்கு உரியதன்று என்பதும், சேர்க்கை நிகழும் மூட்டு அலகுகளைத் தனித்தனியே இயலாத ஒன்றைக் கூடிச் செய்ய வைக்கும்போது மட்டுமே உரிமை பிறக்கிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதமாகும். பொதுத் தெருவின் அறிவைப் பொதுவிலேயே காப்பதற்கும், உண்மையாகவே புதியதைச் செய்த சிறு பட்டறைக்காரருக்கு அவருக்குரியதைக் கொடுப்பதற்கும் இந்த எல்லைக்கோடு தெளிவாக இருத்தல் இன்றியமையாதது.

2. சட்டம் கேட்கும் தேர்வுகள்

நீதிபதி ந. ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையை அடித்தளமாகக் கொண்டு 1970-இல் இயற்றப்பட்டு, 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம், ஒரு பொருளைக் கண்டுபிடிப்பாக ஏற்க மூன்று தேர்வுகளை வைக்கிறது. முதலாவது புதுமை: விண்ணப்பத்துக்கு முன் உலகில் எங்கும் அப்பொருள் அச்சிலோ பயன்பாட்டிலோ வந்திருத்தல் கூடாது. இரண்டாவது புத்தாக்கப் படி: இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ கொண்டதாய் இருப்பதோடு, அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு இயல்பாகத் தோன்றிவிடாததாகவும் அது இருக்க வேண்டும். மூன்றாவது தொழில்முறைப் பயன்பாடு: ஏதேனும் ஒரு தொழிலில் செய்யவோ பயன்படுத்தவோ இயல வேண்டும். பட்டறையில் செய்து தெருவில் நிறுத்தக்கூடிய ஒரு கூடம் மூன்றாம் தேர்வை எளிதில் கடந்துவிடுவதால், சிக்கல் முதல் இரண்டிலும்தான் எழுகிறது.

இம்மூன்றுக்கும் அப்பால், எவை கண்டுபிடிப்பே அல்ல என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. அதன் (எஃப்) உட்பிரிவு, தெரிந்த கருவிகள் ஒவ்வொன்றும் ஒன்றையொன்று சாராமல் தெரிந்த முறையிலேயே இயங்கும்படி அவற்றை வெறுமனே வரிசைப்படுத்துவதையும், மாற்றி அமைப்பதையும், ஒன்றையே பலவாகப் பெருக்கி வைப்பதையும் விலக்குகிறது. (பி) உட்பிரிவு, மரபறிவாகவே அமைந்த ஒன்றையும், மரபில் தெரிந்த கூறுகளின் தெரிந்த பண்புகளைத் திரட்டியோ பெருக்கியோ வைத்ததையும் விலக்குகிறது. ஒரே மாதிரியான அலகுகளைப் பெருக்கி அடுக்குவதையே தன் இயல்பாகக் கொண்ட இணைகூடத்துக்கு இவ்விரு உட்பிரிவுகளும் நேரடித் தடைகளாக நிற்கின்றன.

கேரளத்திலிருந்து எழும் விண்ணப்பங்கள் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டபின், அந்த அலுவலகத்தின் முடிவுகள் மீதான மேல்முறையீடுகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே செல்கின்றன. ஆகவே பிராட்வேயில் பிறக்கும் ஒரு மூட்டின் தலைவிதி சென்னையில் முடிவாகிறது. தமிழக, கேரளத் தொழிற்கூடங்கள் இரண்டுக்கும் இக்கேள்வி பொதுவானது.

3. முன்னறிவு: உலகிலும் கேரளத்திலும்

விண்ணப்ப நாளுக்கு முன் பொதுவெளியில் இருந்த அறிவு முழுவதையும் காப்புரிமைத் துறை முன்னறிவு என்று கொள்கிறது. இணையும் கூடங்களைப் பொறுத்தவரை இந்த முன்னறிவு மிகப் பெரியது. உலக நாடுகள் காப்புரிமை ஆவணங்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் பன்னாட்டு வகைப்பாட்டிலேயே, பல கூரைப் பகுதிகள் கொண்ட கூடாரங்களுக்கும் அலகுகளாக இணையும் கூடாரங்களுக்கும் ‘ஈ04எச் 15/18’ என்ற தனி இடமும், பெட்டிக்கடை, பேருந்து நிழற்குடை போன்ற சிறு வெளிப்புறக் கட்டுமானங்களுக்கு ‘ஈ04எச் 1/12’ என்ற இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. தனி வகை ஒதுக்கும் அளவுக்கு ஆவணங்கள் குவிந்துள்ள ஒரு துறையில், ‘இணையும் கூடாரம்’ என்ற பொது எண்ணத்தைப் புதியது என்று எவரும் கோர இயலாது.

வரலாற்று எடுத்துக்காட்டுகளும் இதையே காட்டுகின்றன. லண்டனில் 1851-ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த படிக மாளிகை, ஒரே அளவான இரும்புச் சட்டங்களையும் கண்ணாடிகளையும் தொழிற்கூடங்களில் செய்து இடத்தில் பொருத்திய கட்டுமானம்; கண்காட்சி முடிந்தபின் பிரித்தெடுக்கப்பட்டு, சைடன்ஹாமில் விரிவுபடுத்தப்பட்டு 1854-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் உள்ளீடற்ற இரும்புத் தூண்கள் கூரையைத் தாங்கியதோடு மழைநீரைக் கீழே இறக்கும் குழாய்களாகவும் பணியாற்றின. பாக்ஸ்டன் 1850-இல் பெற்ற காப்புரிமை, மாளிகை என்ற முழு வடிவத்தைப் பற்றியதன்று. மேடும் பள்ளமுமாக மடிந்த கூரையமைப்பையும் அதன் நீர்த்தாரையையும் பற்றியது. அலகுக் கட்டுமானத்தின் தொடக்கக் காலத்திலேயே உரிமை கட்டடத்தைவிட்டு இணைப்பு நுட்பத்தில் தங்கியது என்பதை இது உணர்த்துகிறது.

தெருக் கூடங்களுக்கு மிக அண்மையான எடுத்துக்காட்டு, அன்றைய யூகோஸ்லாவியாவின் லுப்லியானா நகரில் சாஷா மேக்டிக் 1966-இல் வடிவமைத்த ‘கே67’ என்னும் பெட்டிக்கடை. கண்ணாடியிழையால் வலுவூட்டப்பட்ட பாலியெஸ்டர் அலகுகளாகச் செய்யப்பட்டு, தனித்து நிற்கவும் பக்கத்து அலகோடு சேர்ந்து நீளவும் கூடிய இக்கடை ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்பட்டு, செய்தித்தாள் கடை, பூக்கடை, பயணச்சீட்டு நிலையம் எனப் பல வேலைகளுக்குப் பயன்பட்டதோடு, நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத் தொகுப்பிலும் இடம்பெற்றது. இன்று கொச்சியில் ஒருவர் வளைந்த பிளாஸ்டிக் அலகுகளைப் பக்கவாட்டில் இணைத்துக் கடைவரிசை அமைத்தால், அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் கடையோடு அது ஒப்பிடப்படும்.

அச்சில் ஏறாத உள்ளூர் அறிவும் இதே அளவு முக்கியமானது. கேரளத்தின் பழைய கடைகளின் முகப்பை மூடும் நிரைப்பலகைகள், மேலும் கீழும் வெட்டிய காடிகளில் ஒவ்வொன்றாகச் செருகப்பட்டு ஒரே சுவராக நிற்பவை; காலையில் கழற்றி மாலையில் பொருத்தப்படும் அவை, ஒரே மாதிரியான அலகுகள் ஆணியின்றி இணையும் முறைக்குத் தெளிவான சான்றுகளாகும். தச்சர்கள் கட்டிய மரவீடுகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டதைச் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் கேரள வீடுகளில் இன்றும் காணலாம். திருச்சூர்ப் பூரத்துக்காக ஆண்டுதோறும் எழுப்பிப் பிரிக்கப்படும் பந்தல்களும், தமிழ்நாட்டுத் திருமணப் பந்தல்களும், ஒரு காலைப் பக்கத்துக் கூரையோடு பகிர்ந்துகொள்ளும் முறையைத் தலைமுறைகளாகக் கையாண்டு வருகின்றன.

இந்த அறிவுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. காப்புரிமை வழங்கப்படும் முன்பே எவரும் எதிர்ப்பு மனு கொடுக்க வழிசெய்யும் 25-ஆம் பிரிவு, இந்தியாவில் முன்பே பொதுவில் பயன்படுத்தப்பட்டது என்பதையும், உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாகவேனும் இருந்த அறிவால் முன்னரே அறியப்பட்டிருந்தது என்பதையும் எதிர்ப்புக் காரணங்களாக ஏற்கிறது. 64-ஆம் பிரிவு அதே காரணத்துக்காக வழங்கப்பட்ட உரிமையை நீக்கவும் இடம் தருகிறது. ஆயினும் 2001-இல் தொடங்கப்பட்ட மரபறிவு எண்ம நூலகம் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, யோகம் போன்றவற்றை மையமாகக் கொண்டு வளர்ந்ததே அன்றி, தச்சரின் காடியையும் பந்தல்காரரின் முடிச்சையும் தொகுக்க எழுந்ததன்று. சட்டம் வாய்மொழி அறிவை மதிக்கிறது. ஆனால் அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஆராய்பவர் தேடுவது ஆவணங்களில். இந்த இடைவெளியில்தான் தெருவின் பொது அறிவு ஒருவரின் தனியுரிமையாக மாறிவிடும் ஆபத்து உள்ளது.

வழங்கப்பட்ட உரிமை என்பதே புதுமைக்கு இறுதிச் சான்று ஆகிவிடாது என்பதற்கும் கட்டுமான வரலாறு எடுத்துக்காட்டு தருகிறது. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் முக்கோணச் சட்டங்களால் ஆன கோளக் கூரைக்கு 1954-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் ஜெர்மனியின் ஜெனா நகரில் கோளரங்கத்துக்காக 1920-களிலேயே அவ்வகைச் சட்டக் கூரையை எழுப்பியிருந்தார். முன்னறிவைத் தேடுவதில் நேரும் குறைபாடு, உரிமையின் எல்லையைப் பற்றிய ஐயத்தைப் பின்னாளுக்குத் தள்ளிவைக்கிறது.

4. சேர்க்கைக்கும் கூட்டியக்கத்துக்கும் இடையிலான கோடு

தெரிந்த கூறுகளைச் சேர்த்த ஒன்று எப்போது கண்டுபிடிப்பாகிறது என்ற கேள்வி, இணைகூடங்களுக்கு மிக முந்தியது. இறைச்சியை அரைக்கும் கருவியையும் அதைக் குடலில் நிரப்பும் கருவியையும் ஒன்றாக இணைத்த இயந்திரத்தைப் பற்றி 1890-இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட வில்லியம்ஸ் எதிர் நை வழக்கில், இரண்டும் தத்தம் பழைய வேலையையே செய்ததால் காப்புரிமை நிலைக்கவில்லை. பிரிட்டிஷ் செலனீஸ் எதிர் கோர்ட்டால்ட்ஸ் வழக்கு 1935-இல் இதைக் கோட்பாடாகவே வகுத்தது: பழைய கூறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது போதாது, அவற்றுக்கிடையே ஒரு செயல் உறவு ஏற்பட்டு, புதிய அல்லது மேம்பட்ட விளைவு பிறக்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் 3(எஃப்) உட்பிரிவில் ஒலிப்பது இக்கோட்பாடே என்று கொள்ள இடமுண்டு.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே திசையில் சென்றுள்ளது. மளிகைக் கடையின் பணம் வாங்கும் மேசையில், வாடிக்கையாளர் வைத்த பொருள்களைக் கணக்கரிடம் இழுத்துத்தரும் மூன்று பக்கச் சட்டத்தைப் பற்றிய 1950-ஆம் ஆண்டு வழக்கில், பழைய கூறுகள் பழைய வேலையையே செய்கின்றன என்று அது கூறி உரிமையை நீக்கியது. கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் என்ற 2007-ஆம் ஆண்டு வழக்கில், தெரிந்த கூறுகள் தத்தம் பணியைச் செய்து எதிர்பார்த்த விளைவையே தரும் சேர்க்கை பெரும்பாலும் புத்தாக்கமாகாது என்று அந்நீதிமன்றம் மேலும் தெளிவுபடுத்தியது.

இந்தியாவில் இத்துறையின் அடிக்கல்லாக அமைந்தது, பிஸ்வநாத் பிரசாத் ராதே சியாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு. மிர்சாபூரின் பாத்திரத் தொழிலில், கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறையை மேம்படுத்தியதற்காக 1951-இல் பெற்ற உரிமையை நீக்கிய நீதிமன்றம், பட்டறையில் இயல்பாக நிகழும் மேம்பாடு போதாது என்றும், தெரிந்த கூறுகளின் சேர்க்கை அவற்றின் செயல் உறவால் புதிய விளைவையோ, புதிய பொருளையோ, முன்னைவிடச் சிறந்த அல்லது மலிவான பொருளையோ தர வேண்டும் என்றும், அச்சேர்க்கையில் புத்தாக்க ஆற்றல் வெளிப்பட வேண்டும் என்றும் வகுத்தது. பெருநிறுவன ஆய்வகம் எதையும் சாராமல், சிறு நகரத்துப் பாத்திரப் பட்டறைகளிலிருந்து எழுந்த வழக்கு இது என்பது, தெருக்கூடங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இதை மேலும் பொருத்தமாக்குகிறது.

3(எஃப்) உட்பிரிவை இரு விதமாக வாசிக்கலாம். கடுமையான வாசிப்பு, அலகுகள் எல்லாம் தெரிந்தவை, இணைப்பாணியும் தெரிந்தது, ஆகவே சேர்க்கை விலக்கப்பட்டது என்று முடித்துவிடுகிறது. இவ்வாசிப்பு உட்பிரிவின் ஒரு பாதியை விட்டுவிடுகிறது. ஏனெனில் விலக்கு, கூறுகள் ஒன்றையொன்று சாராமல் இயங்கும்போதுதான் பொருந்தும் என்று சட்டமே நிபந்தனை விதித்துள்ளது. தளர்ந்த வாசிப்பு, இரண்டு அலகுகள் ஆணியால் பிணைந்தாலே அவை ஒன்றையொன்று சார்ந்துவிட்டன என்று கொள்கிறது. அவ்வாறாயின் கயிற்றால் கட்டிய இரண்டு பெட்டிகளும் கண்டுபிடிப்பாகிவிடும். உட்பிரிவுக்கு வேலையே இருக்காது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது வாசிப்பே ஏற்கத்தக்கது: இணைந்தபின் ஓர் அலகின் செயல் மற்றோர் அலகால் மாறுகிறதா, அம்மாற்றம் தனி அலகில் காண இயலாத விளைவைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தேர்வில் தேறிய சேர்க்கையும் அத்துடன் உரிமை பெற்றுவிடாது. அது 3-ஆம் பிரிவின் விலக்கிலிருந்து வெளியேறிப் புத்தாக்கப் படி என்னும் அடுத்த தேர்வுக்குச் செல்கிறது.

5. மூட்டின் பொறியியல்: நான்கு சோதனைகள்

இக்கோட்பாட்டைக் கூடத்தின் உறுப்புகள்மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் கூர்மை புலப்படுகிறது. முதலில் கால்களின் எண்ணிக்கையைக் கொள்ளலாம். நான்கு கால் கொண்ட பத்து அலகுகளைத் தனித்தனியே நிறுத்த 40 கால்கள் வேண்டும். ஒரே வரிசையில் நிறுத்தி, அடுத்தடுத்த அலகுகள் நடுக்கால்களைப் பகிர்ந்துகொண்டால் 22 கால்கள் போதும். நெருக்கமான தெருவில் இச்சேமிப்பு செலவையும் குறைக்கிறது, நடப்பவர்களுக்கு இடத்தையும் விடுகிறது. சட்டம் கூறும் பொருளாதார முக்கியத்துவம் இதில் உண்டு. ஆனால் அம்முக்கியத்துவம் மட்டும் போதாது. துறையில் தேர்ந்தவருக்கு அது இயல்பாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். பந்தல் போடும் எவரும் நடுக்காலைப் பகிர்ந்தே கட்டுவதால், கால்களைக் குறைத்தது என்ற ஒன்றை மட்டும் நம்பும் விண்ணப்பம் புத்தாக்கப் படியில் தவறிவிடும்.

இரண்டாவது மழைநீர். இரண்டு சரிவுக் கூரைகள் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் உருவாகிறது; கொச்சியின் தென்மேற்குப் பருவமழையில் அப்பள்ளத்தில் திரளும் நீர், கசிந்தால் சரக்கை நனைக்கிறது, தேங்கினால் கூரையையே சாய்க்கிறது. பள்ளத்தில் தாரை வைத்து, உள்ளீடற்ற காலின் வழியே நீரை இறக்குவது படிக மாளிகைக் காலம் முதல் தெரிந்த முறை. எனவே தாரையும் காலும் சேர்ந்தது என்பது மட்டும் புதியதாகாது. மாறாக, ஓர் அலகைக் கழற்றும்போது மீதமுள்ள அலகின் திறந்த விளிம்பு தானாகவே மூடி நீரை உள்ளே திருப்பிக்கொள்ளும் மூட்டு ஒன்று உருவாக்கப்பட்டால், பக்கத்து அலகின் இருப்பும் இன்மையும் இந்த அலகின் செயலை மாற்றுகிறது. செயல் உறவு என்று நீதிமன்றங்கள் கேட்பது இத்தகையதே.

மூன்றாவது காற்று. இலேசான கூடத்தின் பெரிய எதிரி, கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும் காற்று. தனி அலகுக்கு அடியில் எடை வைத்தோ தரையில் ஆணி அடித்தோதான் அதைச் சமாளிக்க இயலும். பொதுச் சாலையில் தரையைத் துளைக்க அனுமதி கிடைப்பது அரிது. வரிசையாக இணைந்த அலகுகளில், ஒன்றைத் தூக்கும் விசையை மூட்டு பக்கத்து அலகின் எடைக்கு மாற்றிக் கொடுக்குமானால், வரிசை முழுவதும் ஒரே உடலாக நிற்கிறது. கடினமான மூட்டு இவ்விசையை மாற்றித்தரும் என்பது எந்தப் பொறியாளரும் அறிந்தது. ஆனால் சமமற்ற சாலையில் ஓர் அலகு மேலும் கீழுமாக நிற்பதற்கு இடம் கொடுத்துக்கொண்டே, காற்றின் தூக்குவிசையை மட்டும் கடத்தும் மூட்டு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகளை ஒருங்கே நிறைவேற்றுகிறது. முரணைத் தீர்க்கும் மூட்டில்தான் புத்தாக்கப் படியை வலுவாக நிறுவ இயலும்.

நான்காவது தீ. நெருக்கமான கடைகளைக் கொண்ட பிராட்வேயில் 2019 மே மாதம் ஏற்பட்ட தீ விபத்து, இத்தகைய சந்தைகளில் தீ பரவுவதைத் தடுப்பது எவ்வளவு அவசரமான தேவை என்பதை நகரத்துக்கு உணர்த்தியது. அலகுகளை இணைப்பது இந்த ஆபத்தைக் கூட்டவே செய்யும். ஆகவே நல்ல மூட்டு சேர்க்கத் தெரிந்ததாக இருப்பதோடு, வேண்டிய கணத்தில் பிரியவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். வெப்பத்தில் உருகும் உலோக இணைப்பு, தீத்தடுப்புக் கதவுகளிலும் தெளிப்பான்களிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதைக் கூடத்தின் மூட்டில் வைப்பது தெரிந்த கூறின் தெரிந்த பயன் என்று ஒரு தரப்பும், அங்கே அது கூரையைச் சரித்து அலகுகளுக்கிடையே இடைவெளியை உருவாக்குவதால் புதிய செயல் என்று மறு தரப்பும் வாதிட இயலும். உருகும் இணைப்பு மட்டும் கோரப்பட்டால் முதல் தரப்பின் வாதமே வலுவானது. உருகியபின் ஓர் அலகின் எடை பக்கத்து அலகை விலக்கித் தள்ளும்படி முழு அமைப்பும் கோரப்பட்டால் இரண்டாவது தரப்பு வலுப்பெறுகிறது.

6. தெருவில் வைத்துச் சோதித்தலும் புதுமை இழத்தலும்

வெளிப்புறக் கூடம் என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும் பொருள். மருந்துச் செய்முறையைப் போல் அதன் நுட்பத்தை மறைத்து வைத்துத் தொழில் இரகசியமாகக் காக்க வழியில்லை. வழிப்போக்கர் எவரும் குனிந்து பார்த்து மூட்டை அறிந்துகொள்ளலாம். அதே வேளையில், உண்மையான மழையிலும் காற்றிலும் பல வாரங்கள் நிறுத்திப் பார்க்காமல் அது பயன்படுமா என்று அறியவும் இயலாது. ஆகவே கண்டுபிடிப்பாளர் ஓர் இக்கட்டில் நிற்கிறார்: சோதித்தால் பொதுவில் வெளிப்பட்டுப் புதுமை போய்விடலாம், சோதிக்காவிட்டால் பயனற்ற ஒன்றுக்கு விண்ணப்பித்தவராகலாம்.

இந்தியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இதற்கு வரம்புக்குட்பட்ட ஒரு தீர்வு தருகிறது. புதுமையைக் கணிக்க அடிப்படையாகும் முன்னுரிமை நாளுக்கு முந்திய ஓராண்டுக்குள், உரிமையாளரோ அவர் இசைவு பெற்றவரோ, நியாயமான சோதனைக்காக மட்டும் கண்டுபிடிப்பைப் பொதுவில் இயக்கியிருந்து, கண்டுபிடிப்பின் இயல்பு அவ்வாறு பொதுவில் சோதிப்பதை அவசியமாக்கியும் இருந்தால், அந்த இயக்கம் மட்டும் புதுமையைக் கெடுத்ததாகக் கொள்ளப்படாது. பருவமழையைத் தாங்க வேண்டிய தெருக்கூடம் இந்த விதிக்கு மிகப் பொருத்தமான பொருள். ஆனால் ஒரு வணிகர் அந்தச் சோதனைக் கூடத்துக்கு வாடகை கொடுக்கத் தொடங்கினாலோ, அதை விலைக்கு வாங்கினாலோ, ‘சோதனைக்காக மட்டும்’ என்ற நிபந்தனை ஆட்டம் காண்கிறது. கண்காட்சிகளுக்குச் சலுகை தரும் 31-ஆம் பிரிவும், மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் கண்காட்சிகளுக்கே பொருந்துகிறது. கொச்சி–முசிறிஸ் பினாலே போன்ற கலை விழாவிலோ தொழில்முனைவோர் சந்தையிலோ காட்சிக்கு வைப்பவர், அத்தகைய அறிவிக்கை உள்ளதா என்று பார்க்காமல் இச்சலுகையை நம்புதல் கூடாது.

பாதுகாப்பான வழி, தெருவில் நிறுத்தும் முன்பே தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து முன்னுரிமை நாளைப் பெற்று, சட்டம் தரும் 12 மாதங்களுக்குள் ஒரு பருவமழையின் அனுபவத்தையும் சேர்த்து முழு விவரக்குறிப்பை எழுதுவதாகும். தனிமனிதர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய் என்பதால், தொடக்கச் செலவு சிறு பட்டறைக்கும் எட்டக்கூடியதே. தடையாக நிற்பது பெரும்பாலும் விவரக்குறிப்பு எழுதும் திறனும் அதற்கான தொழில்முறைச் செலவுமாகும்.

7. எதைக் கோருவது: உரிமையின் எல்லை

காப்புரிமையின் எல்லையை வகுப்பவை, விவரக்குறிப்பின் முடிவில் எழுதப்படும் உரிமைக்கோரல்கள். இணைகூடத்துக்கு அவற்றை மூன்று நிலைகளில் எழுதலாம். தனி அலகைக் கோருவது பரந்த எல்லை தரும். ஆனால் நான்கு கால் கூரை என்றென்றும் இருந்துவந்த பொருள் என்பதால் அது நிலைக்காது. இரண்டுக்கு மேற்பட்ட அலகுகள் இணைந்த முழு வரிசையைக் கோருவது 3(எஃப்) தடையைக் கடக்க உதவும். ஆனால் ஒரு போட்டியாளர் அலகுகளைத் தனித்தனியே விற்று, வணிகர்களையே இணைத்துக்கொள்ளச் சொன்னால், முழு வரிசையைச் செய்தவர் யார் என்ற சிக்கல் எழும். பிறர் மீறுவதற்குத் துணைபோவதை வெளிப்படையாக வரையறுக்கும் விதி இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் இல்லாததால், அந்த எல்லையில் உரிமை ஏட்டளவில் நின்றுவிடலாம். மூட்டின் ஒரு பாதியைத் தன்னிடம் கொண்டு, மறுபாதியோடு சேரும்போது குறிப்பிட்ட செயலைச் செய்யும்படி வடிவமைந்த அலகைக் கோருவது, இரண்டுக்கும் நடுவான வழி. இவை மூன்றும் ஒரே புத்தாக்க எண்ணத்தால் பிணைந்திருந்தால்தான் 10-ஆம் பிரிவின்படி ஒரே விண்ணப்பத்தில் நிற்கும். அந்தப் பிணைப்பும் மூட்டாகவே இருக்க முடியும்.

இந்த எல்லை தெரு வணிகரின் நலனோடும் நேரடியாகத் தொடர்புடையது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம், நகர விற்பனைக் குழுக்களின் வழியே, விற்பனைப் பகுதியின் கொள்ளளவுக்கு உட்பட்டு, மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரையிலான வணிகர்களுக்கு இடமளிக்க வழிசெய்கிறது. எறணாகுளம் சந்தையின் புதிய வளாகம் 2024 டிசம்பரில் திறக்கப்படும் வரை வணிகர்கள் தற்காலிக இடத்திலிருந்து தொழில் நடத்தியதைப் போல, மறுகட்டுமானக் காலங்களிலும் பெரும் எண்ணிக்கையில் கூடங்கள் தேவைப்படுகின்றன. உள்ளாட்சி ஒன்று ஒரே வகைக் கூடத்தை எல்லோருக்கும் விதித்து, அந்த வகையின் முழு வடிவமும் ஒருவரின் தனியுரிமையாக இருந்தால், உடைந்த ஓர் உறுப்பை மாற்றும் செலவுகூட வணிகர்மேல் ஏறும். உரிமை மூட்டின் குறிப்பிட்ட நுட்பத்தோடு நின்றால், கூரையையும் காலையும் எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளும் உரிமை வணிகரிடம் எஞ்சுகிறது.

8. காப்புரிமைக்கு வெளியே உள்ள வழிகள்

மூட்டில் புத்தாக்கப் படி இல்லாத, ஆனால் தோற்றத்தில் புதுமை கொண்ட கூடங்களுக்கு 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் உள்ளது. அது முதலில் 10 ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் பாதுகாப்பு தருகிறது. எனினும் அச்சட்டம் கண்ணுக்குப் புலப்படும் வடிவத்தையும் அலங்காரத்தையும் மட்டுமே காக்கிறது. கட்டுமான முறையையும், சாராம்சத்தில் இயந்திர அமைப்பாகவே உள்ள ஒன்றையும் வரையறையிலேயே விலக்குகிறது. ஆகவே மூட்டின் செயலை வடிவமைப்புப் பதிவால் காக்க இயலாது.

இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பல நாடுகள் பயன்பாட்டு மாதிரி என்னும் சிற்றுரிமையால் நிரப்புகின்றன. ஜெர்மனி 1891 முதலே சிறு கருவி மேம்பாடுகளுக்குக் குறுகிய கால உரிமை தந்து வருகிறது. சீனாவிலும் ஜப்பானிலும் அவ்வழி உண்டு. இந்திய அரசின் தொழிற்கொள்கைத் துறை 2011-இல் இதைப் பற்றி ஒரு விவாதத் தாள் வெளியிட்டபோதும், அது சட்டமாகவில்லை. பட்டறை மேம்பாட்டுக்கும் இத்தகைய குறுகிய உரிமை வேண்டும் என்போர், சிறு கைவினைஞரின் உழைப்பு உடனடியாகப் படியெடுக்கப்படுவதைச் சுட்டுகின்றனர். எதிர்ப்போர், ஆழ்ந்த ஆய்வின்றி வழங்கப்படும் உரிமைகள் பெருகினால், ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கும் ஒருவர் உரிமை கொண்டாடுவார் என்று அஞ்சுகின்றனர். இணைகூடங்களைப் பொறுத்தவரை இரண்டாவது அச்சமே எடை மிக்கது; ஏனெனில் இத்துறையின் முன்னறிவு பெரிதும் ஆவணமாகாததாக இருக்கும்வரை, ஆய்வு குறைந்த உரிமை பொது அறிவை விழுங்கும் வாய்ப்பு மிகுதி. ஆவணப்படுத்தல் முன்னே செல்ல வேண்டும்; சிற்றுரிமை அதன் பின்னரே வரலாம்.

9. முடிவுரை

ஒன்றோடொன்று இணையும் வெளிப்புறக் கூடம், அலகு என்ற அளவிலும் வரிசை என்ற அளவிலும் பொதுச் சொத்தாகும். படிக மாளிகையும் கே67 பெட்டிக்கடையும் அதை அச்சிலும் பயன்பாட்டிலும் உலகுக்கு அளித்துவிட்டன. நிரைப்பலகையும் பந்தலும் அதை நம் தெருக்களில் அவற்றுக்கு முன்பே நிறுவியிருந்தன. பிஸ்வநாத் பிரசாத் தீர்ப்பும் 3(எஃப்) உட்பிரிவும் கேட்கும் செயல் உறவை, மழைநீரைத் திருப்பும், காற்றின் விசையைப் பகிரும், தீயின்போது பிரியும் மூட்டுகளில் மட்டுமே தேட முடியும். அதை நிறுவ விரும்பும் கண்டுபிடிப்பாளர், அலகுகளைத் தனித்தனியே நிறுத்தியபோது என்ன நேர்ந்தது, இணைத்தபோது என்ன மாறியது என்ற அளவீடுகளை விவரக்குறிப்பிலேயே வைக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர், அந்த அளவீடுகள் இல்லாத வெறும் வடிவ விளக்கத்தைச் செயல் உறவுக்குச் சான்றாக ஏற்றல் கூடாது.

இதற்கு இணையாகச் செய்ய வேண்டிய பொதுப்பணி ஒன்றும் உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் போல அறிவுசார் சொத்துரிமையைக் கற்பிக்கும் நிறுவனங்களும், கட்டடக்கலைக் கல்லூரிகளும், தச்சரும் பந்தல்காரரும் இரும்புப் பட்டறைக்காரரும் கையாளும் மூட்டுகளை வரைபடத்தோடும் நாளோடும் தொகுத்து வெளியிடுமானால், அத்தொகுப்பு எந்த எதிர்ப்பு மனுவிலும் ஆவணச் சான்றாக நிற்கும். தவறான உரிமைகளைத் தடுப்பதோடு, எது ஏற்கனவே உள்ளது என்று தெரியாமல் அதையே மீண்டும் செய்து பணத்தையும் காலத்தையும் இழக்கும் இளம் கண்டுபிடிப்பாளருக்கு அது வழிகாட்டியாகவும் அமையும். உரிமையின் எல்லை தெளிவாக வரையப்பட்ட தெருவில்தான், கூரை தேவைப்படும் வணிகரும் கூரையைச் சிறப்பாகச் செய்யத் தெரிந்த கைவினைஞரும் ஒருவர் உழைப்பை மற்றவர் இழக்காமல் தொழில் செய்ய இயலும்.